ஆறாம் நாள்

குளிர்பதனப் பெட்டியின் கதவில்
டைகா ஒட்டிவைத்த தாளில்
பால் குடித்த நேரங்கள் நிரம்பி வழிகின்றன.
ஈரத் துணிகளுக்குக் கோடு கோடாய்ப் பென்சில் கீறல்.
மூன்றாம் கட்டம் மட்டும்
சீட்டு வாங்காமல் ஏறியவன் முகத்தோடு
ஆறு நாளாய் என்னைப் பார்க்கிறது.

ஏழு வாரப் பெண்ணுக்கு
இவ்வளவு பெரிய வேலை எதற்கு?
முட்டி இரண்டும் தொப்புளுக்கு ஏறுகின்றன,
முகம் பீட்ரூட் ஆகிறது.
முக்குகிறாள்,
ஈரத்தில் ஊதிய கதவைத் தோளால் தள்ளும் ஓசை.
பிறகு அழுகை.
பிறகு ஒரு சின்னக் காற்று,
அதுவும் எங்களைக் கேலி செய்ய.

முட்டைக்கோஸை நிறுத்தினாள் டைகா.
கம்பு ரொட்டியை, பாலாடைக்கட்டியை, காப்பியை.
என் பாலில்தான் ஏதோ, என்றாள்.
இல்லை என்று நான் சொல்வதற்குள்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள்.
தண்ணீர் வெகுநேரம் ஓடியது.
அதற்குக் கீழே இன்னொரு ஓசையும்.

கீழ்வீட்டு அர்வீட்ஸ்
பேனாக்கத்தியால் சீவிய சோப்புத் துண்டைக்
கைக்குட்டையில் மடித்துக் கொண்டுவந்தார்.
"உள்ளே வை. உடனே."
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.
அதில் என் கையைக் கழுவினேன்.

இரவுப் பணியில் இருந்த தாதி ரஸ்மா
போனில் கேட்டாள்:
வயிறு மெத்தென்று இருக்கிறதா?
பாலுக்கு வாய் திறக்கிறாளா?
பச்சையாய் வாந்தி? ரத்தம்? காய்ச்சல்?
கடைசியாய் வந்தது கூழா, கூழாங்கல்லா?

கூழ், என்றேன்.

அப்படியானால் சிக்கல் அவளிடம் இல்லை, கிர்ட்ஸ்.
தாய்ப்பால் சிலநேரம் மிச்சமே வைக்காது.
தண்ணீர் வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம்,
யாருடைய சோப்பும் வேண்டாம்.
வயிறு கல்லானால், பால் மறுத்தால்
விடியும்வரை காத்திராதே, தூக்கிக்கொண்டு வா.
மற்றபடி, அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை:
மேலே முக்கும்போது
கீழே இளக வேண்டும்.
இரண்டையும் ஒரே மூச்சில்.

பதினெட்டு வருடமாய் ரீகாவில் டிராம் ஓட்டுகிறேன்.
பாலத்து ஏற்றத்தில், தண்டவாளம் பனியில் வழுக்க,
பிரேக்கை விடாமலே விசையைத் திருப்பினேன் முதல்நாள்.
வண்டி நடுங்கியது,
முனகியது,
ஓர் அங்குலம் நகரவில்லை.
பின்னால் நாற்பது பேர் கைக்கடிகாரம் பார்த்தார்கள்.
அன்று யாராவது என் வயிற்றைத் தடவியிருந்தால்
தேவலையாய் இருந்திருக்கும்.

மதாரா,
மணி மூன்று நாற்பது.
வெந்நீரில் உன்னை மிதக்கவிட்டோம்.
துவட்டி, தொப்புளைச் சுற்றி
கடிகாரம் போகும் பக்கமாய்
இரண்டு விரலால் மெல்லப் போனேன்.
டைகா உன் கால்களைப் பிடித்து
இல்லாத சைக்கிளை ஓட்டினாள்.
மேட்டில் ஏறினாய், பள்ளத்தில் இறங்கினாய்,
ஜன்னலுக்கு வெளியே டௌகவா ஆறு
கரையோடு கரை உறைந்து கிடந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.

சீருடை போட்டுக்கொண்டேன்.
வேலைக்குப் போகுமுன் ஒருதரம்
மடியில் சாய்த்து, உன் முட்டிகளை மடக்கி,
சும்மா உன்னைப் பார்த்தேன்.
நீ என்னைப் பார்த்தாய்.
நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது.
ஏதோ ஞாபகம் வந்தவள்போல்
வாயைச் சிறு வட்டமாக்கினாய்,

அப்புறம்
டயப்பர் ஒரு பொருட்டே இல்லை.
கடுகு மஞ்சள், இளஞ்சூடு,
முதுகு வழியே, என் முழங்கை வழியே,
நகராட்சி தந்த நீலக் கால்சட்டை வழியே.

"டைகா!"
ஓடிவந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.
ஆறு நாள் சேர்த்துவைத்த சிரிப்பு,
அதுவும் கட்டுக்கடங்கவில்லை,
சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
தாளின் மூன்றாம் கட்டத்தில்
அவள் போட்ட கோட்டில் பென்சில் முனை ஒடிந்தது.

மாற்றுக் கால்சட்டை துவைக்கப் போட்டிருந்தது.
துடைத்துக்கொண்டு ஓடினேன்.
ஐந்து பத்து வண்டியில் முதலில் ஏறியவர்
மீன் சந்தைக்குப் போகும் பெண்மணி.
மூக்கை உயர்த்தினார்.
தன் கூடையை முகர்ந்து பார்த்தார்.
மறுபடி என்னை.

நான் மணியை அடித்து,
பிரேக்கை விட்டேன்.